பக்கத்து வீட்டில் தொடங்கிய பயணம்

என் அக்கா பன்னிரண்டு நாளில் ஐரோப்பாவில் ஏழு நாடு பார்த்தாள். எட்டாவது நாட்டில் இருந்த எனக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியிருந்தாள். கனடாவிலிருந்து அவள் முன்கூட்டியே அனுப்பிய பயண அட்டவணையில், ரோமாபுரிக்கும் சுவிஸ் பனிமலைக்கும் கீழே, அதே அளவு எழுத்தில், 'லண்டன், தங்கச்சி வீடு' என்று இருந்தது. பனிமலைக்கு இரண்டு நாள். அந்த அட்டவணையைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் திறந்து திறந்து பார்த்தேன்.

நாங்கள் நேரில் சந்தித்து ஒன்பது வருடமாகியிருந்தது. கைப்பேசியில் முகம் பார்த்துக் கதைக்காத கிழமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அக்கா கைப்பேசியைப் பிடிக்கிற விதத்தில் அவளுடைய நெற்றியும் அவள் வீட்டுக் கூரை விளக்கும் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக நான் ஒரு நெற்றியோடு உறவு கொண்டாடியிருக்கிறேன். அதனால் அவள் வருகிறாள் என்றதும் எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. எங்கேயும் போகாமல், எதுவும் வாங்காமல், பக்கத்தில் இருந்து ஒரு இரண்டு மணித்தியாலம் அவளோடு ஆறுதலாகக் கதைக்க வேண்டும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சுற்றுலா பஸ் அவளை லண்டனின் நடுவே இறக்கிவிட, என் கணவர் போய் செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, "நல்லா மெலிஞ்சு போனாய்" என்றாள். அது பொய். "நீங்களும்தான்" என்றேன். அதுவும் பொய். பிறகு குளித்தாள், சாப்பிட்டாள், சாப்பிட்ட கை காயுமுன் நித்திரையாகிவிட்டாள்.

புதன்கிழமையை இல்ஃபோர்ட் கடைகள் தின்றுவிட்டன. அக்கா இருக்கும் ஸ்காபரோவில் தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை. அங்கே கிடைக்காத எதுவும் இங்கே இல்லை என்பதை ஒவ்வொரு கடை வாசலிலும் நான் சொன்னேன். ஒவ்வொரு கடைக்குள்ளும் நின்று, "லண்டன் சாமான் எண்டு குடுக்கிறது வேறை" என்று அவள் சொன்னாள். வீடு திரும்பி, சப்பாத்தையும் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவள் ஏழு மணிக்கே குறட்டை விட்டாள். நான் இரண்டு கோப்பையில் ஊற்றி வைத்திருந்த தேநீரில் இரண்டையும் நானே குடித்தேன்.

மிச்சம் இருந்தது வியாழக்கிழமை காலைதான். விமானம் பின்னேரம் ஏழு மணிக்கு. நான் லீவு போட்டிருந்தேன். கணவருக்குக் காலை ஷிப்ட். வேலை முடிந்து வந்து, இரண்டே முக்காலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு ஹீத்ரோவுக்குப் போவார். அதுவரை வீட்டில் நானும் அக்காவும் மட்டும். இந்தத் தடவை அவள் என்னிடமிருந்து தப்ப முடியாது என்று நினைத்தேன்.

காலை ஆறு மணிக்கு நான் கீழே இறங்கி வந்தபோது ஹோலில் கால் வைக்க இடமில்லை. இரண்டு சூட்கேஸ்களும் வாயைப் பிளந்து கிடந்தன. நடுவில் அக்கா நின்றாள், கையில் ஒரு தூக்குத் தராசோடு. சூட்கேஸைத் தராசில் கொழுவித் தூக்கிப் பிடிப்பது அவள் வேலை. முகம் சிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவள் நிற்கும் அந்த ஐந்து விநாடிக்குள் குனிந்து எண்ணை வாசிப்பது என் வேலை.

"எவ்வளவு?"

"இருபத்திநாலரை."

"ஒண்டரை கூட. அந்தச் சொக்லேட் பெட்டியை மற்றதுக்குள்ளை வை."

வைத்தால் மற்றது கூடிவிடும். அதிலிருந்து ஒரு சேலை இதற்கு வரும். சேலை வந்தால் தேயிலைப் பெட்டி போகும். ஏழு நாட்டிலும் வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக் காந்தங்கள் மட்டும் ஒரு கிலோவுக்குக் கிட்ட வந்தன. அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். இடைக்கிடை நான் பேச்சைத் தொடங்கிப் பார்த்தேன்.

"அக்கா, உங்கடை முழங்கால் நோ இப்ப எப்பிடி?"

"இருபத்திமூண்டே காலோ? அந்த மிளகாய்த்தூளை வெளியிலை எடு."

மிளகாய்த்தூள் நான் வறுத்து இடித்துக் கொடுத்தது. அதைத்தான் முதலில் வெளியே எடுக்கச் சொன்னாள் என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒன்பது மணிபோல, வெறும் அட்டைப் பெட்டிகளைத் தோட்டத்துக் குப்பைத் தொட்டியில் போடுவதற்காக அவள் சமையலறைக்குள் போனாள். பின்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகக் கொழுக்கிகள் அடித்து, வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளை எல்லாம் அதில்தான் மாட்டி வைத்திருக்கிறோம். அக்கா பச்சை நூல் கட்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது எங்கடை கதவின்ரை இல்லை. பக்கத்து வீட்டுத் திறப்பு. அவ எங்கையும் போனால் பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லித் தந்தவ."

அவள் "ம்" என்று அதைத் திரும்ப மாட்டிவிட்டு, மற்றத் திறப்பால் கதவைத் திறந்தாள். நான் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வாய் அப்போதும் கிலோக் கணக்கைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு ஒருவழியாகச் சூட்கேஸ்கள் பூட்டப்பட்டன. நான் தேநீரைக் கொண்டுவந்து வைத்து, இனிக் கதைக்கலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அக்கா கைப்பேசியில் இருந்த பஞ்சாங்கத்தைத் திறந்தாள்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம் எண்டனீ?"

"ரெண்டே முக்காலுக்கு."

"ஐயோ, லண்டன் நேரத்துக்கு இண்டைக்கு ராகுகாலம் ரெண்டரைக்கெல்லோ துவங்குது. நாலு மணி மட்டும் கிடக்கு."

"ஏழு நாட்டிலையும் ராகுகாலம் பாத்தே உங்கடை பஸ் வெளிக்கிட்டது?"

"அது சுற்றுலா. இது வீட்டை போறது."

ரயிலில் இப்போதே போய்விடலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் இரண்டு சூட்கேஸ், அவள் கையோடு கொண்டு திரியும் ஒரு ரைஸ் குக்கர், ஒரு முழங்கால் நோ. அதோடு, அப்படிச் சொன்னால் கையில் இருக்கும் நாலரை மணித்தியாலமும் போய்விடும். அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பரஸ்தானம் வைப்பம்."

நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்களுக்காக எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. பயணத்தில் கொண்டுபோகும் பொருள் ஒன்றை, நல்ல நேரம் இருக்கும்போதே, போகிற திசையில் இருக்கும் வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வைத்த கணத்திலேயே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்தில் வெளிக்கிட்டாலும் பரவாயில்லை. போகிற வழியில் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். ராகுவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்றால் அந்தக் கிரகத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்டு இன்னும் அரை மணித்தியாலத்தை இழக்கவும் மனமில்லை.

ஹீத்ரோ மேற்கே இருக்கிறது. எங்களுக்கு மேற்குப் பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐரிஷ் அம்மையார் தன் பூனையோடு தனியாக இருக்கிறார். திசையும் சரி, ஆளும் சரி. எந்தப் பொருளை வைப்பது என்பதுதான் கேள்வி. குடையை வைக்கலாம் என்றேன் நான்.

"குடை இல்லாமலும் போகலாமெல்லோ? இல்லாட்டிப் போகவே ஏலாது எண்ட சாமானைத்தான் வைக்கோணும். இல்லாட்டி அது பயணமே?"

அப்படித்தான் அவளுடைய பாஸ்போர்ட் இருந்த மண்ணிறக் கைப்பை தெரிவு செய்யப்பட்டது. அந்த இடத்தில் நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. இந்தச் சடங்கு பதினொரு மணிக்கு முடிந்துவிட்டால் பிறகு அவள் எனக்குத்தான் என்ற ஒரே நினைப்பு எனக்கு.

பக்கத்து வீட்டு அம்மையாரிடம் நான் ஆங்கிலத்தில் விளக்கினேன்: என் அக்காவின் பயணம் பதினொரு மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறது, அவள் இரண்டே முக்காலுக்கு வருவாள். அவர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பையை வாங்கி, தான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். தன்னுடைய அம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் எந்தப் புது வேலையும் தொடங்க விடமாட்டார் என்றார். அக்கா எனக்குப் பின்னால் நின்று, "பாத்தியே, அவைக்கு விளங்குது" என்றாள். பை ஜன்னலுக்குக் கீழே இருந்த சோபாவில் வைக்கப்பட்டது. அக்கா நேரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து.

"துவங்கியாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கனடாவில் இருந்த அத்தானை எழுப்பினாள். அங்கே காலை ஆறு மணி. பயணம் தொடங்கிவிட்டது என்றாள். "இப்ப எங்கை நிக்கிறாய்?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "செவன் கிங்ஸிலை" என்றாள். பிறகு அவர் திரும்பப் படுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அத்தானுக்குப் பிறகு அத்தானின் தங்கை, அவருக்குப் பிறகு ஸ்காபரோவில் அக்காவோடு கோயிலுக்குப் போகிற ஒருத்தி, பிறகு சாப்பாடு, பிறகு சாப்பிட்ட கோப்பைகளை நான் கழுவக் கூடாது தான்தான் கழுவுவேன் என்ற சண்டை. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. நான் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, வாங்கோ இருப்பம்" என்றேன்.

"இரு, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்."

"எதை?"

"பையை."

பக்கத்து வீட்டு மணியை அழுத்தினோம். பதில் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினோம். என் கைப்பேசியில் இருந்து அவருடைய இலக்கத்துக்கு அடித்தேன். கதவுக்கு உள்ளேயே எங்கோ அது பாடிக்கொண்டிருந்தது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தோம். மண்ணிறப் பை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் பூனை சுருண்டு படுத்திருந்தது. எங்களைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

கதவைத் தட்டினேன், கடிதம் போடும் துவாரத்தால் குனிந்து கூப்பிட்டேன், எதிர்வீட்டில் போய்க் கேட்டேன். சக்கரம் வைத்த பையோடு பஸ் தரிப்பிடப் பக்கம் அவர் போனதைக் கண்டதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும்? பாஸ்போர்ட் இல்லாமல் அக்கா எப்படிப் போவாள்? திரும்பி ஓடிவந்தேன்.

அக்கா எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டை மதிலில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பூனை நல்ல நித்திரை" என்றாள். "வருவா. நீ இப்பிடி வந்து இரன்."

நான் அவளையே பார்த்தேன். தேநீர்க் கேத்தில் கொதித்தாலே பதறி எழும்புகிற ஆள் இவள். சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முக்கால் மணித்தியாலம் முந்தியே என்னையும் இழுத்துக்கொண்டு சந்தியில் போய் நின்றவள். அவளுடைய பாஸ்போர்ட் பூட்டிய வீட்டுக்குள் ஒரு பூனைக்கு அடியில் கிடக்கிறது, இவள் வெயில் காய்கிறாள். பரஸ்தானத்தில் அவளுக்கு இருக்கும் நம்பிக்கையை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நானும் மதிலில் ஏறி அவள் பக்கத்தில் இருந்தேன். செப்டம்பர் மாதத்து நல்ல வெயில். அன்று குப்பை எடுக்கும் நாள். தெரு நீளத்துக்கும் வெறும் குப்பைத் தொட்டிகள் மூடி திறந்தபடி நின்றன. ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். அப்போதுதான் எனக்குப் பச்சை நூல் ஞாபகம் வந்தது.

அரைவாசி எழும்பிவிட்டேன். எங்கள் சமையலறைக்குப் பதினைந்து அடி. திறப்பை எடுக்க ஒரு நிமிடம், கதவைத் திறக்க ஒரு நிமிடம், பூனையைத் தூக்க ஒரு நிமிடம். பிறகு? பிறகு பாஸ்போர்ட் கைக்கு வந்த அக்கா சூட்கேஸை இன்னொரு தடவை நிறுப்பாள். இன்னும் நாலு பேருக்குத் தொலைபேசி எடுப்பாள். சேலையும் தேயிலையும் இடம் மாறும்.

"என்ன?" என்றாள் அக்கா.

"ஒண்டுமில்லை" என்று திரும்ப இருந்தேன்.

இதை இங்கே எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது வெட்கமே இல்லை. இரண்டே முக்கால் வரை வாயைத் திறப்பதில்லை, அதற்குள் அந்த அம்மையார் வராவிட்டால் 'ஐயோ, இப்பதான் ஞாபகம் வருது' என்று ஓடுவது என்று ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன். விமானம் தவறாது. அக்காவுக்கு நட்டமில்லை. எனக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் லாபம். ஐம்பத்தைந்து வயதில் இவ்வளவு கள்ளத்தனம் எனக்குள் மிச்சம் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

அப்படித்தான் நாங்கள் கதைத்தோம். முழங்கால் நோ, அத்தானின் சீனி வருத்தம், என் கழுத்துப் பிடிப்பு, அவளுடைய மருமகள் சமைக்கும் புட்டு. பிறகு ஐரோப்பா.

"பெல்ஜியம் எப்பிடி அக்கா?"

"நல்ல நித்திரை. எழும்பேக்கை நெதர்லாந்து வந்திட்டுது."

"வெனிஸ்?"

"வெள்ளம் வந்த வீடு மாதிரிக் கிடக்கு. வாசற்படி எல்லாம் தண்ணிக்குள்ளை. எங்களுக்கு வந்தால் கவலைப்படுவம், அங்கை நிண்டு படம் எடுக்கினம்."

ரைஸ் குக்கரின் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. ஏழு நாட்டு ஹோட்டல் அறைகளிலும் அக்கா ராத்திரியில் சோறு ஆக்கி, ஊறுகாயோடு சாப்பிட்டிருக்கிறாள். ஒஸ்திரியாவில் ஆவி கூடிப்போய் அறையில் எச்சரிக்கை மணி அடிக்க, ஓடிவந்த ஹோட்டல்காரப் பெண்ணுக்கும் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறாள். பகலில் பஸ்ஸில் குக்கர் தன் பக்கத்து சீற்றில்தான் இருந்ததாகச் சொன்னாள். பெல்ட்டும் போட்டு விட்டாளாம். கைப்பேசியில் படம் காட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் பனிமலை, இங்கே சீற்றில் பெல்ட் போட்ட ரைஸ் குக்கர். நான் சிரித்த சிரிப்பில் பூனை எழும்பி ஜன்னலுக்கு வந்துவிட்டது.

"அதென்ன, பக்கத்திலை ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டேன்.

"ரெண்டு சீற்றெல்லோ எடுத்தனான்."

"ஏன்?"

அக்கா கைப்பேசியை மடியில் வைத்தாள். "தை மாசம் உன்னட்டைக் கேட்டனான், ரெண்டு பேருமாப் போவம், வாறியோ எண்டு. நீ பாப்பம் எண்டனீ. அப்பவே ரெண்டு சீற்றும் எடுத்திட்டன்."

ஞாபகம் இருந்தது. இல்லை என்று சொல்ல மனமில்லாமல் 'பாப்பம்' என்று சொன்னேன். சித்திரையில் அவள் திரும்பக் கேட்டபோது லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. இரண்டு கிழமை முழுதாக இருந்தது. பன்னிரண்டு நாள் பஸ்ஸில் இருக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த லீவில் வீட்டில் நின்று சமையலறைக்கு வர்ணம் பூசினேன். அதுவும் எனக்குப் பிடிக்காத வர்ணம்.

இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆளா நான்? குற்றம் என் பக்கம் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாதக்கணக்காக வைத்திருந்ததை அந்த மதிலில் கொட்டிவிட்டேன்.

"பனிமலைக்கு ரெண்டு நாள் வைச்சனீங்கள். எனக்கு ஒண்டரை நாள். அந்த மலை உங்களுக்கு என்ன தங்கச்சியே?"

அக்கா கோபிக்கவில்லை. தெருவில் போன தபால்காரரைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்.

"உனக்குப் பன்னிரண்டு நாளும்தானேடி வைச்சனான்."

ஒன்றரை நாள் ஒன்றரை நாள் என்று அட்டவணையைப் பார்த்துப் பார்த்துக் குமுறிய நான், ஏழு நாடு சுற்றிய ஒரு வெறும் சீற்றைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. லீவு இருந்தது என்று சொன்னேன். சமையலறை என்று சொன்னேன். அழுகை வந்து, மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை.

"சமையலறை நிறம் எனக்கும் பிடிக்கேல்லை" என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. அவள் தன் சால்வையின் நுனியை என்னிடம் நீட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிறகு நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. தோளோடு தோள் முட்ட இருந்தோம். எனக்கு அதுவே போதும்.

இரண்டு முப்பத்தைந்துக்குச் சந்தியில் சக்கரப் பை தெரிந்தது. எங்களை மதிலில் கண்டதும் அம்மையார் கையை வாயில் வைத்துக்கொண்டார். பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் அவருடைய தங்கை, கேக் செய்திருக்கிறேன் சூடாக இருக்கும்போதே வா என்று கூப்பிட்டாளாம். பஸ்ஸைக் கண்டதும் ஏறிவிட்டாராம். பையின் நினைவு கேக்கைச் சாப்பிட்ட பிறகுதான் வந்ததாம். ஆயிரம் மன்னிப்புக் கேட்டபடி கதவைத் திறந்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பி, ஆனால் உன்னிடம்தான் என் வீட்டுத் திறப்பு இருக்கிறதே என்றார்.

அக்கா கனடாவில் முப்பது வருடமாக இருக்கிறாள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். "உங்கள் தங்கை சுகமா? என்ன கேக்? பஸ்ஸில் சனமா?" என்று மூச்சு விடாமல் நான் மூன்று கேள்வி கேட்டேன். அக்காவைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அவள் பையில் ஒட்டியிருந்த பூனை மயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்று நெஞ்சில் கை வைத்தேன்.

கணவர் வந்தார். சூட்கேஸ்கள் ஏறின. ராகுகாலம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது; அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முன் இருக்கையில் ஏறச் சொன்னதற்கு மறுத்து, என்னோடு பின்னால் வந்து இருந்தாள். நடுவில் ரைஸ் குக்கர். போகிற வழி முழுக்க வாகன நெரிசல். எங்கள் இருவரின் கைகளும் குக்கர் மூடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கண்ணாடியில் பார்த்த கணவர், "ரெண்டு பேருக்கும் சண்டையோ? சத்தத்தைக் காணேல்லை" என்றார்.

"இல்லைத் தம்பி. கதைச்சு முடிஞ்சுது" என்றாள் அக்கா.

ஹீத்ரோவில் சூட்கேஸ்கள் நிறுக்கப்பட்டன. இரண்டும் இருபத்திமூன்றுக்குக் கீழே. என் மிளகாய்த்தூள் உள்ளேதான் இருக்கிறது என்றும், வெளியே எடுத்தது அதைச் சேலைக்குள் சுற்றி வைக்கத்தான் என்றும் அப்போதுதான் சொன்னாள். பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வாசலுக்கு அப்பால் எங்களை விடமாட்டார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். இந்த முறை மெலிந்துபோனாய் என்று சொல்லவில்லை. வரிசையில் சேர நாலடி போனவள், எதையோ மறந்ததுபோல் திரும்பி வந்தாள். பாஸ்போர்ட்டோ என்று எனக்குத் திக்கென்றது.

"எடியே, அந்தப் பச்சை நூல் கட்டின திறப்பு."

நான் அவள் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"காலமை நீ சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. அந்தப் பூனையைக் கண்டவுடனை எனக்கு ஞாபகம் வந்திட்டுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ ஏன் சொல்லேல்லை?"

அவ்வளவுதான். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். கையில் அது என்ன பெட்டி என்று அதிகாரி ஒருவர் கேட்பதும், அவள் மூடியைத் திறந்து காட்டி விளக்குவதும் தூரத்தில் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் அவர் முகம் எப்படி இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும்போது, என்ன திறப்பு என்று கணவர் இரண்டு தடவை கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனதும், வரப்போகும் வருடத்துக்கு இரண்டு கிழமை லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். பிறகு அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'அடுத்த முறை ரைஸ் குக்கரை மடியிலை வைச்சிருங்கோ. சீற் எனக்கு வேணும்.'

மத்தியானம் சாப்பிடுகிற நேரம் பதில் வந்தது.

'ஓம். நல்ல நாள் பாத்துச் சொல்லுறன்.'